விரதம் எனக்கு, குண்டம் அம்மாவுக்கு

பள்ளி விளையாட்டு விழாக்களுக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். ஒலிம்பிக் வரை போனீர்களே, கடவுள் நம்பிக்கை கைகொடுத்ததா? ஆமாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். முழுசாகச் சொல்ல ஆரம்பித்தால் பரிசு கொடுக்க வந்த இடத்தில் ஒப்பாரி வைத்த மாதிரி ஆகிவிடும்.

அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க்கறை, விட்டுப்போன தையல் பார்த்து ஒதுக்க வேண்டும். நின்றுகொண்டே செய்கிற வேலை, பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். அப்பா சாமளாபுரத்தில் தறி ஓட்டினார். இந்த இரண்டு பேருக்கும் ஓடுகிற பெண் எப்படிப் பிறந்தாள் என்று ஊரே வியந்தது. அம்மாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை, ஊர் அம்மன் கொடுத்தது என்றாள். எண்பதுகளின் கடைசியில் ஒலிம்பிக் பயிற்சி முகாமுக்குத் தேர்வு நடந்தபோது, என்னைக் கேட்காமலே ஒரு வேண்டுதல் வைத்தாள். என் பெயர் வந்தால் பங்குனித் திருவிழாவில் என்னைக் குண்டம் இறக்குவதாக.

குண்டம் இறங்குவது என்றால் எங்கள் பக்கத்தில் தீ மிதிப்பது. கையில் காப்புக் கட்டி, பதினைந்து நாள் விரதமிருந்து, ஈரத்துணியோடு வெறுங்காலில் தணலைக் கடக்க வேண்டும். விரதம் சுத்தமாக இருந்தால் சுடாது. சுட்டால் அது தீயின் குற்றமில்லை, இறங்கியவரின் குற்றம். எங்கள் ஊரில் இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. எனக்கும் கிடையாது.

பெயர் வந்தது. முகாமுக்கும் போய்விட்டேன். பங்குனி நெருங்கியதும் அங்கிருந்து அம்மாவின் கம்பெனி போனுக்குக் கூப்பிட்டேன்.

"கோச் லீவு தரமாட்டேங்கறாருங்கம்மா" என்றேன்.

பொய். நான் கேட்கவே இல்லை. என் காலை நினைத்துப் பயந்தேன், அவ்வளவுதான்.

"நீ ஓடற ஓட்டத்துக்கு நெருப்பு உன்ற காலத் தொடுமா கண்ணு?" என்று சிரித்தாள். அப்புறம் கொஞ்சம் யோசித்தாள். "செரி உடு. வெரதத்த நீ அங்கயே இரு. உனக்குப் பதிலா குண்டம் நா எறங்கிக்கறேன். காப்பத் தபால்ல அனுப்பறேன். கவுச்சி மட்டும் தொட்றாத சாமி."

விரதம் ஒருத்திக்கு, தீ ஒருத்திக்கு என்று வேண்டுதலை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். அம்மாவுக்கு அது நியாயமாகவே பட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

தபாலில் மஞ்சள் கயிறு வந்தது. இடது கையில் கட்டிக்கொண்டேன். மூன்று நாள் சோறும் தயிரும். நாலாம் நாள் காலைப் பயிற்சி முடிந்து மெஸ்ஸுக்குப் போனால் தட்டில் அவித்த முட்டை நாலு. யாரும் வற்புறுத்தவில்லை. பசி. சாப்பிட்டேன். மறுநாளும் சாப்பிட்டேன். ஆட்டுக்கறி போட்ட அன்று அதையும் சாப்பிட்டேன். சாப்பிடும்போது காப்புக் கட்டிய கையை மேஜைக்குக் கீழே மடியில் வைத்துக்கொள்வேன். அந்த அளவுக்கு வெட்கம் இருந்தது, அதற்குமேல் இல்லை.

திருவிழா முடிந்து கூப்பிட்டேன். நல்லபடியாக இறங்கினீர்களா என்று கேட்டேன். "பூவாட்டம் இருந்துச்சு கண்ணு" என்றாள். நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் முதல் சுற்றில் எட்டுப் பேரில் ஏழாவதாக வந்தேன். பன்னிரண்டு நொடிக்குள் எல்லாம் முடிந்தது. மற்ற பெண்கள் ஓடுவதற்கு முன் அவரவர் தெய்வத்தைக் கும்பிட்டார்கள். நான் கும்பிடவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

ஊர் திரும்பியபோது மாலை போட்டு ஜீப்பில் அழைத்து வந்தார்கள். கூட்டத்தில் அம்மா இல்லை. வீட்டில் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது காலில் மூன்று விரல்கள் இல்லை.

அப்பாதான் சொன்னார். "அன்னைக்கே சுட்டுப்போச்சு. வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டா. மஞ்சளக் கொழச்சுப் பூசிக்கிட்டு மறுநாளே வேலைக்குப் போய் நின்னா. புண்ணு அழுகி ஆஸ்பத்திரிக்குப் போனப்பத்தான் சக்கரை இருக்கறதே தெரிஞ்சுது. மூணு வெரல எடுத்துட்டாங்க. உனக்கு எழுத வேண்டான்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா."

அம்மா காலைப் புடவையால் மூடினாள். "நா என்ன தப்புப் பண்ணுனேன்னு தெரியல கண்ணு. முந்துன நாள் கம்பெனியில ஒருத்தியக் கண்டபடி வஞ்சுபோட்டேன். அதுக்குத்தான் சுட்டுருக்கும் போல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கழுத்தில் மாலையோடு நின்றிருந்தேன். ஜீப்பில் வந்தவர்கள் காபிக்காக வாசலில் காத்திருந்தார்கள். காபி போட உள்ளே போய்விட்டேன். அன்று சொல்லாததை அடுத்த நாள் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது, அதற்கடுத்த நாள் அதைவிட.

அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். "என்னைய வேண்டாங்கறவகிட்ட நா எதுக்குப் போகோணும்?" என்றாள். திருவிழா அன்று எங்கள் வீதியில் மேளம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். இப்படி ஏழு பங்குனி. நான் அதற்குள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போய், ஓட்டத்தையும் விட்டிருந்தேன்.

ஏழாவது பங்குனியில் ஒரு மத்தியானம், சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே திரும்பவும் ஆரம்பித்தாள். "அந்தப் புள்ளைய வஞ்சது அவ்வளவு பெரிய குத்தமா கண்ணு?" எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். லீவு கேட்காதது, முட்டை, கறி, மடியில் மறைத்த கை.

அடிப்பாள், குறைந்தது வைவாள் என்று காத்திருந்தேன். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்ப அம்மனுக்கு என்ற மேல கோவமில்லையா?"

"இல்லீங்கம்மா."

அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முட்டையைப் பற்றியோ பொய்யைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் தலைக்குக் குளித்துக் கம்பை ஊன்றிக் கிளம்பினாள். துணைக்கு வருகிறேன் என்றேன். "நீ இரு கண்ணு. மொதல்ல உனக்காவ நா மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்" என்றாள்.

வாசலில் நின்று பார்த்தேன். கோயில் நாலு வீதி தள்ளித்தான் இருக்கிறது. அந்த நாலு வீதியை ஏழு வருடம் அவளுக்கு இல்லாமல் பண்ணியவள் நான்.