மணலில் கடைசியாக வந்த குதிரை

மணலில் ஓடிப் பழகிய குதிரையைப் புல்லில் இறக்கினால், அது போன ஓட்டத்தில் மணலில் எத்தனையாவது வந்தது என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். அவர்கள் மடையர்கள் என்பது என் பல வருடக் கருத்து. டென்மார்க்கில் எங்கள் யூலண்டுப் பக்கம் ரேஸ் மைதானம் மணல். கோபன்ஹேகனுக்கு வடக்கே, காட்டோரத்தில், புல். மணலில் வென்றது புல்லில் படுத்துவிடும். மணலில் இழுபட்டது புல்லில் பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே நான் ஓட்டத்தைப் பார்ப்பதில்லை, பரம்பரையைப் பார்க்கிறேன். தகப்பன் குதிரை எது, அதன் மற்றப் பிள்ளைகள் புல்லில் என்ன கிழித்தன, தாயின் தகப்பன் எந்த நாட்டுச் சரக்கு. எல்லாம் ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தத் திறமையைக் குதிரைகளிடம் நான் கற்கவில்லை. வைலே நகரத் தேவாலயத்தில் பூசை முடிந்து கோப்பி குடிக்கும் நேரம் யாராவது பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வார்கள். "அண்ணை, ஸ்கீவ ஊரிலை ஒரு பொடியன்ரை கலியாணப் பேச்சு வந்திருக்கு. ஆற்றை பிள்ளையெண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ." யாருடைய பிள்ளை என்று அறிய மூன்று போன் போதும். பொடியனின் அப்பப்பா மன்னாரில் யாருடைய காணிக்குள் வேலியைத் தள்ளிப் போட்டார் என்பதுவரை சொல்லிவிடுவேன். கிழமை முழுக்கக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையில் கிடைக்கும் மரியாதை அது. அதை விட எனக்கு மனமில்லை.

எங்களுக்கு ஒரே பிள்ளை. கோபன்ஹேகனில் வேலை செய்கிறாள். ஒருநாள் போன் எடுத்து, நான் காதலிக்கும் ஆளைக் காட்டப்போகிறேன், இங்குள்ள புல் ரேஸ் மைதானத்துக்கு வாருங்கள் என்றாள். நான் நல்ல குணத்தோடு இருக்கும் ஒரே இடம் அதுதானாம். முழுக்க டேனிஷில் பேசியவள் கடைசியில் தமிழுக்கு மாறினாள். கோபம் வந்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

"அப்பா, அவனிட்டைத் தாய் தேப்பனை விசாரிக்கக் கூடாது. விசாரிச்சியளெண்டால் நத்தாருக்கு நான் வீட்டை வரமாட்டன்."

கிறிஸ்மஸ் என்றும் பாராமல், அவள் சொன்னால் செய்வாள். அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கொப்பி பார்க்கத் தேவையில்லை. ஓம் என்றேன். ரேஸ் நாளன்று மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. நான் புறப்படும்போது வாசலில் வைத்து அவளும் ஒரு உத்தரவு போட்டாள்.

"கேக்காதையுங்கோ. ஆனால் அறிஞ்சுகொண்டு வாங்கோ."

மைதானத்தில் பொடியனைப் பார்த்ததும் என் கணக்கெல்லாம் பிழைத்தது. நிறம் எங்கள் நிறம், மூக்கு எங்கள் மூக்கு. பெயரோ முழு டேனிஷ். தமிழில் ஒரு சொல் தெரியாது. கை குடுத்தான், கோப்பி வாங்கித் தந்தான். யாருடைய பிள்ளை என்ற கேள்வியை ஒரு மணி நேரம் கோப்பியோடு விழுங்கிக்கொண்டிருந்தேன்.

குதிரைகளை நடத்திக் காட்டும் இடத்தில் கொப்பியை விரித்தேன். நான்காம் இலக்கம் என் தெரிவு. தகப்பனும் தாய்வழியும் புல்லில் பெயர் எடுத்தவை. அவன் கொப்பியைப் பார்க்கவில்லை. ஒன்பதாம் இலக்கம் மணலில் கடைசியாக வந்த ஓட்டத்தை போனில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான்.

"இது ஏன் தலையைத் தூக்கித் தூக்கி ஓடுகிறது?" என்று டேனிஷில் கேட்டான். "முன்னுக்கு ஓடுபவை மணலை முகத்தில் அடிக்கின்றன. களைத்துப்போய் அல்ல, வெறுத்துப்போய்த்தான் பின்வாங்குகிறது. புல்லில் அந்தத் தொல்லை குறைவுதானே?"

"அதன் தகப்பனைப் பார், ஒரு பிள்ளைகூடப் புல்லில் வென்றதில்லை" என்று தொடங்கிய வாய், அதே மூச்சில், "சரி, உன் தகப்பன் யார்?" என்று கேட்டுவிட்டது.

"தெரியாது," என்றான் அவன். "மூன்று மாதக் குழந்தையாக என்னை இங்கே தத்துக் கொடுத்தார்கள். கடதாசியில் கொழும்பு என்று மட்டும் இருக்கிறது."

மகள் வேலியோரம் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளில்லாத நத்தார் மேசை கண்ணுக்குள் வந்து, பயமாகவும் இருந்தது.

ஓட்டம் தொடங்கியது. பெரிய இடத்துப் பிள்ளை நான்காம் இலக்கம் கடைசியாக வந்தது. ஒன்பது, ஒரு கழுத்து நீள வித்தியாசத்தில் தோற்று இரண்டாவது. அவன் பல்லைக் காட்டவில்லை. நான்தான் கேட்டேன்.

"இப்படிப் பார்க்க யார் பழக்கியது?"

"அப்பா. கிரின்ஸ்டெட் பக்கத்துப் பண்ணையில் பால்மாடு வைத்திருந்தார். ஒரு மாடு தீனி எடுக்காவிட்டால் அரைநாள் ஒன்றும் செய்யாமல் நின்று அதையே பார்ப்பார். நானும் பக்கத்தில் நிற்பேன்."

"அவரைப் பற்றிச் சொல்லு" என்றேன். சொன்னான். நான் இடையில் வாய் திறக்கவில்லை. என் வாழ்நாளில் அது அபூர்வம். பாதியில் மகள் திரும்பி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

ரயில் நிலையத்தில், நத்தாருக்கு இரண்டு பேரும் வருகிறோம் என்றாள். டேனிஷில் சொன்னாள். கோபம் ஆறிவிட்டது என்று தெரிந்துகொண்டு ரயிலில் ஏறினேன்.

ரயில் புறப்பட முதலே மனைவியின் போன்.

"அறிஞ்சியளோ? ஆற்றை பிள்ளையாம்?"

"நத்தாருக்கு இன்னொரு தட்டு வை."

"நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

"அதைக் கேட்டுத்தான் இண்டைக்கு நான் கடைசியா வந்தனான்."