கசினோ ஹோட்டலில் மாப்பிள்ளை வீட்டார்

1. திறந்த நாள்

ஒரு வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த எங்கள் ஹோட்டல் மறுபடி திறந்த நாளன்று, நான் வழக்கமாக எடுக்கும் ரயிலுக்கு முந்தின ரயிலிலேயே போய்விட்டேன். பேஸ்வோட்டர் பக்கத்தில், பார்க்கிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த பழைய கட்டிடம் அது. தொண்ணூறுகளின் தொடக்கம். எண்பதுகளில் அதே கட்டிடத்தில் கட்டில் விரித்து, குளியலறை தேய்த்து, பிறகு மெல்ல ரிசெப்ஷனுக்கு ஏறி வந்தவள் நான். அதனால் அது எனக்கு ஏதோ என் வீட்டைத் திருத்தியது போல இருந்தது.

உள்ளே கால் வைத்ததும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சிகரெட் மணத்த பழைய கார்ப்பெற் இருந்த இடத்தில் வெள்ளை மாபிள். ஒவ்வொரு அறைக்கும் சொந்தக் குளியலறை, தேத்தண்ணிக்குக் கேத்தில், காற்சட்டை அயர்ன் பண்ணும் பெட்டி. சாவிகூட இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதைக் கதவில் நுழைத்து இழுத்தால் பச்சை விளக்கு எரிந்தது. நானும் என்னோடு வேலை செய்த போர்த்துக்கல் பெண்ணும் ஒரு மாடி முழுக்க ஓடி ஓடி ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தோம். மனேஜர் படியில் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. அவர் திட்டவில்லை. தானும் ஒரு அட்டையை வாங்கி ஒரு கதவைத் திறந்து பார்த்தார்.

பேஸ்மென்டில் கசினோ. அதையும் புதிதாகச் செய்திருந்தார்கள். கூரை ஒன்றுதான், ஆனால் அவர்களுக்கு வேறு வாசல், வேறு முதலாளி, வேறு ஆட்கள். பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். கறுப்பு டின்னர் ஜாக்கெட்டும் போ டையும் போட்ட குரூப்பியர்கள், அதாவது மேசையில் சீட்டுப் போடுபவர்கள், எங்கள் லொபியைக் கடந்து போகும்போது தலையை மட்டும் ஆட்டுவார்கள். நாங்களும் ஆட்டுவோம். அவ்வளவுதான் எங்கள் உறவு.

2. தகுமோ?

அடுத்த சில கிழமைகள் எங்கே போனாலும் எனக்கு ஒரே கேள்வி. பஸ்ஸில், ஈஸ்ட் ஹாம் நகைக்கடையில், வெஸ்ட் ஈலிங் கோயிலில் பிரசாதம் வாங்கும் வரிசையில்கூட. "உங்கட ஹோட்டல் திருத்தினதாமே? காசு குடுத்து நிக்கத் தகுமோ?"

சும்மா கேட்பவர்களுக்கு சும்மா பதில் சொன்னேன். சேவியர் அண்ணை கேட்டபோதுதான் யோசிக்க வேண்டி வந்தது.

சேவியர் அண்ணை மன்னார்க்காரர். ஸ்ட்ரெதமில் எங்களுக்கு அடுத்த தெரு. பஸ் டிப்போவில் வேலை. மூத்த மகளுக்கு ஜெர்மனியில் இருக்கும் பெடியனைப் பேசி முடித்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கூட்டமாக வருகிறார்கள், அவருடைய வீட்டிலோ படுக்க இடமில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, விளம்பரத்தில போடுறதை நான் நம்பமாட்டன். உள்ளுக்கு நிக்கிற ஆள் நீர். நீர் சொல்லும். சம்பந்தி வீட்டாரைக் கொண்டுவந்து விடலாமோ?"

"விடலாம் அண்ணை. ஆனா முழுக்கக் கேட்டிட்டு முடிவெடுங்கோ. முன்பக்க அறையளுக்கு ரோட்டுச் சத்தம். சுவர்தான் புதிசு, ஜன்னல் பழசு. பின்பக்கம் கீழ் மாடியளுக்கு குசினியில சமைக்கிற மணம் வரும். ஆறாம் மாடி பின்பக்கம் எண்டா ஒரு குறையும் இல்லை. பிறகு, அடியில கசினோ இருக்கு."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"கசினோவோ? சூதாடுற இடத்திலயோ என்ர மாப்பிள்ளையைப் படுக்கச் சொல்லுறீர்? பாதர் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"அதுக்கு வேற வாசல் அண்ணை. மெம்பர் இல்லாட்டி உள்ளுக்கு விடமாட்டினம். இண்டைக்கு மெம்பராப் பதிஞ்சாலும் ரெண்டு நாள் பொறுத்துத்தான் விளையாடலாம். அது இந்த நாட்டுச் சட்டம். உங்கட ஆக்கள் வெள்ளி பின்னேரம் வந்து ஞாயிறு காலமை போகினம். ஆசைப்பட்டாலும் ஏலாது."

சேவியர் அண்ணை விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நல்ல சட்டமாத்தான் வைச்சிருக்கிறாங்கள்."

மறுநாள் நேரில் வந்து பார்த்தார். மெத்தையை அமத்தினார், குழாய் எல்லாம் திறந்தார், ஜன்னலால் எட்டிப் பார்த்தார். ஆறாம் மாடியில் அறைகளைப் பிடித்தார். போகும்போது என்னிடம் சொன்னார்: "அவையள் ஒரு குறை சொன்னாலும் உம்மட்டத்தான் வருவன்."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் சனத்துக்குள் ஒரு கலியாணத்தில் நடந்த குறை எத்தனை வருடத்துக்குப் பேசப்படும் என்று எனக்குத் தெரியும்.

3. பெரியப்பா

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை ரெஜி, தென்னை மரம் போல உயர்ந்து மெலிந்த பெடியன். எல்லாவற்றையும் பொறுப்பெடுத்து நடத்தியவர் அவருடைய அக்கா டெய்சி. பிறகு அவர்களுடைய பெரியப்பா. நல்ல பருமன், நல்ல குரல். பெட்டியைக் கீழே வைக்க முதலே என்னிடம் குனிந்து கேட்டார்.

"பிள்ளை, கசினோ எந்தப் பக்கம்?"

நான் சட்டத்தைச் சொன்னேன். அவருடைய முகம் விழுந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ரெண்டு நாளோ? அப்ப நான் வியாழக்கிழமை எல்லோ வந்திருக்கோணும்!"

மற்றபடி எல்லாருக்கும் சந்தோசம். பிளாஸ்டிக் அட்டையால் கதவு திறப்பதை வீடியோ கமெராவில் எடுத்தார்கள். "அருமையான இடம் அக்கா," என்றார் டெய்சி. எனக்குத் தலை கால் தெரியவில்லை.

4. மணி அடித்தது

கலியாணம் சனிக்கிழமை நாலு மணிக்கு, ஸ்ட்ரெதமில் தேவாலயத்தில். மாப்பிள்ளையின் கார் மூன்று மணிக்கு முன் புறப்பட வேண்டும். கசினோ திறந்து சில நிமிடங்கள் ஆகியிருக்கும். ஹோட்டல் முழுவதும் நெருப்பு மணி அலறத் தொடங்கியது.

எனக்குப் பின்னாலிருந்த நெருப்பு மணியின் புதுப் பலகையில் ஆறாம் மாடி விளக்கு மினுங்கியது. லிஃப்ட் தானாக நின்றது. பயிற்சியில் சொன்னபடி எல்லாரையும் படியால் இறக்கித் தெருவுக்கு அனுப்பினோம். ஆட்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒருவரும் உள்ளே இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குப் பிறகுதான் நடைபாதையைப் பார்த்தேன்.

ஒரு பக்கம் காஞ்சிபுரம் சேலையும் தலையில் முடி சுருட்டும் ரோலருமாக எங்கள் பெண்கள். மறுபக்கம் மேசைகளை மூடிப் பூட்டிவிட்டு மேலே வந்த குரூப்பியர்கள் வரிசையாக. அவர்களுக்குப் பக்கத்தில் கையில் கிளாசோடு சூதாட வந்தவர்கள். பெரியப்பா எப்படியோ அவர்களோடு போய்ச் சேர்ந்து, ரூலெட் சக்கரத்தில் எந்த நிறம் கூட வரும் என்று விசாரித்துக்கொண்டு நின்றார்.

நடுவில் மாப்பிள்ளை. ஹோட்டலின் புது வெள்ளை டிரெஸ்ஸிங் கவுன், காகிதச் செருப்பு, தலை முழுக்க ஷாம்பு நுரை.

"அக்கா, சத்தியமா நான் சுடுதண்ணி மட்டும்தான் திறந்தனான்!"

அதுதான் காரணம். புகையைப் பிடிக்கும் கருவியைப் புதிதாகப் பூட்டியவர்கள் அதைக் குளியலறைக் கதவுக்கு நேர் மேலே பூட்டியிருந்தார்கள். கதவு திறந்ததும் ஆவி போய் அதில் முட்டியிருக்கிறது.

தீயணைப்பு வண்டிகள் வந்தன. நெருப்பு இல்லை என்று உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அந்தப் புதுப் பலகை மணியை நிறுத்த மறுத்தது. அதைச் சரிசெய்கிறவர் குரொய்டனிலிருந்து வரும்வரை ஒருவரும் உள்ளே போக முடியாது என்றார் தீயணைப்பு அதிகாரி. நான் கெஞ்சினேன். ஒரே ஒரு கலியாண சூட், ஆறாம் மாடி, ஒருவரை அனுப்புங்கள் என்றேன்.

"மேடம், உயிரென்றால் ஓடிப்போய்த் தூக்கி வருவேன். காற்சட்டைக்குப் போகமாட்டேன்," என்றார்.

டெய்சி அழத் தொடங்கினார். தாலிக்கொடியும் மோதிரமும் அவருடைய ஹாண்ட் பாக்கில் பத்திரமாக இருந்தன. கட்டுவதற்கு மாப்பிள்ளையும் இருந்தார். உடுப்புத்தான் இல்லை. பெரியப்பாவின் சூட்டுக்குள் இரண்டு ரெஜியை வைத்துத் தைக்கலாம். மற்ற ஆண்கள் எல்லாம் ரெஜியின் தோளுக்குக்கூட வரமாட்டார்கள். கார் ஓட்டுநர் மணிக்கூட்டைக் காட்டினார்.

நான் சுற்றிப் பார்த்தேன். மறுபக்கத்தில், குரூப்பியர் வரிசையின் கடைசியில், ஒரு உயர்ந்த மெலிந்த பெடியன் சுவரில் சாய்ந்து நின்றான். கெவின். லிவர்பூல்க்காரன். அவனோடு அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஓடிப்போனேன். "உன்னுடைய உடுப்பு எனக்கு வேண்டும்," என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பிறகு மாப்பிள்ளையைக் காட்டினேன். கெவின் ஒரு தடவை அவரைப் பார்த்தான். உடனே கழுத்திலிருந்த போ டையை அவிழ்க்கத் தொடங்கிவிட்டான்.

"கெவின்!" என்று அதட்டினார் பற்றீஷியா. அவர்களுடைய மேலாளர். சிரித்து நான் பார்த்திராத மனுசி. "யூனிபோர்ம் கட்டிடத்தை விட்டு வெளியே போகக்கூடாது. விதி தெரியும்தானே?"

"மேடம், யூனிபோர்ம் இப்போது கட்டிடத்துக்கு வெளியேதான் நிற்கிறது," என்றான் கெவின்.

பற்றீஷியா அவனைப் பார்த்தார். நுரைத் தலையோடு நின்ற ரெஜியைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த டெய்சியைப் பார்த்தார். "இரவுக்குள் திரும்பி வர வேண்டும்," என்றார். பிறகு, "சட்டைக் கொலர் கசங்கியிருக்கிறது, இங்கே கொண்டு வா," என்று தானே நீவிவிட்டார்.

பக்கத்து பப் கழிவறையில் மாற்றல் நடந்தது. பப் முதலாளி ஒரு வாளி வெந்நீர் கொடுத்துத் தலையையும் கழுவ வைத்தார். கெவினின் சப்பாத்து பெரிது. நுனியில் காகித நாப்கினை அடைத்தார்கள். ரெஜி வெளியே வந்தபோது தெரு முழுக்கக் கை தட்டியது. சூதாட வந்தவர்கள் கிளாசை உயர்த்தினார்கள். அவருக்குப் பின்னால் டிரெஸ்ஸிங் கவுனோடு கெவின் வந்தான். அவனுக்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"இந்தா, மோதிரத்தைப் பொக்கற்றில வை," என்றார் டெய்சி. ரெஜி ஜாக்கெட்டைத் தடவினார். காற்சட்டையைத் தடவினார். "அக்கா, பொக்கற்றே இல்லை!"

கெவின் விளக்கினான். மேசையில் காசுக்குப் பதிலாக வைக்கும் சிப்ஸை யாரும் எடுத்து உள்ளே போட்டுவிடக்கூடாது என்பதற்காகக் குரூப்பியர் உடுப்புக்கு பொக்கற் வைப்பதில்லையாம். "அப்ப நானே வைச்சிருக்கிறன், கெதியா ஏறு," என்று தம்பியைக் காருக்குள் தள்ளினார் டெய்சி.

குரொய்டன்காரர் வந்து, பலகை அடங்கி, நாங்கள் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் டெலிபோன் அடித்தது. தேவாலய அலுவலகத்திலிருந்து டெய்சி.

"கொஞ்சம் பிந்தித்தான் போனனாங்கள். ஆனா தாலி கட்டியாச்சு அக்கா!"

நான் மாபிள் லொபியின் நடுவில் நின்று "தாலி கட்டியாச்சு!" என்று தமிழில் கத்தினேன். பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னேன். கசினோ வாசல்காரர் வரை எல்லாரும் கூவினார்கள்.

5. கோட் எங்கே தைத்தது?

ஷிப்ட் முடிந்ததும் ரெஜியின் சூட்டை எடுத்துக்கொண்டு ஸ்ட்ரெதம் மண்டபத்துக்குப் போனேன். யூனிபோர்மை வாங்கி வருவதாகப் பற்றீஷியாவுக்குச் சொல்லியிருந்தேன். வாசலிலேயே சேவியர் அண்ணை பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. நெருப்பு மணியால் பிந்தியது என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"தங்கச்சி, மாப்பிள்ளையின்ர கோட் பாத்தீரோ? என்ன வடிவு! ஜெர்மனியில தைச்சதாம் எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன்."

சும்மா தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். கையில் சூட் பையோடு நின்றேன்.

"அண்ணை, அது கீழ கசினோவில சீட்டுப் போடுற பெடியன்ர உடுப்பு," என்று தொடங்கி நடந்தது முழுவதையும் சொன்னேன். அவர் என் கையிலிருந்த சூட் பையைப் பார்த்தார்.

பிறகு கேட்டார்: "அப்ப அந்தப் பெடியன் எதை உடுத்தவன்?"

"டிரெஸ்ஸிங் கவுனோட நடுரோட்டில நிண்டவன் அண்ணை. உள்ள விடுமட்டும்."

"குளிருக்கயோ?"

"ஓம்."

அவர் திரும்பிச் சமையல் பக்கம் போனார். நான் பின்னால் போனேன். ரோல்ஸ், ஆட்டிறைச்சிக் கறி, புரியாணி, கேக் என்று ஒவ்வொரு தட்டாக எடுத்துத் தானே கட்டினார். "அவனுக்கு மட்டும் காணாது. அங்க வேலை செய்யிற எல்லாருக்கும் குடும். அந்த மேலாளர் மனுசிக்கு கேக்கில பெரிய துண்டு." பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "தங்கச்சி, கசினோ இருக்கெண்டு நீர் முதலே சொல்லாம விட்டு, இண்டைக்கு நான் இப்பிடி அறிஞ்சிருந்தா, உம்மோட இனிக் கதைச்சிருக்கமாட்டன்."

6. இப்போது ரிசெப்ஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு

திங்கட்கிழமை மனேஜர் எல்லா அறைகளிலும் புகைக் கருவியை இடம் மாற்றச் சொன்னார். அதன் பிறகும் பல வருடம் அங்கே வேலை செய்தேன். பிறகு புதிதாக வரும் பிள்ளைகளைப் பழக்கும் வேலையையும் என்னிடம் தந்தார்கள்.

அவர்களுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒருவர் போன் எடுத்து, அங்கே தங்கத் தகுமா என்று கேட்டால், மாபிளில் தொடங்காதீர்கள். எந்தப் பக்கம் சத்தம், எங்கே மணம், அடியில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். சிலர் போனை வைத்துவிடுவார்கள், பரவாயில்லை. மற்றவர்கள் வருவார்கள், வந்த இடத்தில் ஏதாவது பிழையாகிப் போனாலும் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். பிழையாகும். எவ்வளவு காசு போட்டுத் திருத்தின ஹோட்டலிலும் ஏதாவது ஒன்று பிழையாகும். அப்போது கவுண்டருக்குப் பின்னால் நிற்காமல் தெருவைக் கடந்து ஓடிப்போய் முன்பின் தெரியாத ஒருவரிடம் உதவி கேட்கத் தயாராக இருங்கள்.

அப்படியான ஆட்கள் வேலை செய்யும் இடமென்றால், ஓம், தாராளமாகத் தங்கலாம்.