கைப்பட எழுதியது

எழுத உட்காரும் முன் சௌரிராஜன் செல்போனை அணைத்துவிடுவார். அதில் யாரும் அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை என்பது வேறு விஷயம். பிறகு இரண்டாவது காபி வரும். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் அவர் வீட்டு மிக்ஸி அதன்பின் ஒரு மணி நேரம் ஓடக் கூடாது. இலக்கியம் பிறக்கிறதல்லவா?

பிறந்ததைப் படிக்கத்தான் ஆள் வேண்டும். அவர் எழுத்து மருந்துக் கடைக்காரரையே மிரள வைக்கும். மை காய்வதற்குள் அவருக்கே புரியாது. உடனே தாளைத் திருப்பி மனைவி குமுதவல்லி பக்கம் நகர்த்துவார். அவள் படித்துச் சொல்லி, முத்து முத்தாகப் படியெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவாள். படியெடுக்கும்போதே நிலவொளி, கண்ணீர்த் துளி என்று வரிக்கு வரி நனைந்து கிடப்பதை உலர்த்தியும் விடுவாள். அவருடைய சொற்சிக்கனத்தை யாராவது புகழ்ந்தால் சௌரிராஜன் அடக்கமாகத் தலையசைப்பார். முப்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

இப்போது சத்திரம் பேருந்து நிலையம் பக்கமிருந்து வரும் ஒரு சிற்றிதழ், மூத்த எழுத்தாளர் சிறப்பிதழ் போடுகிறது. அதற்குச் சௌரிராஜன் தம் இலக்கிய வாழ்க்கையை ஒரே பக்கத்தில், தம் கைப்படக் கடிதமாக எழுதித் தர வேண்டும். அதை அப்படியே படமெடுத்து அச்சிடுவார்களாம். விருது எதுவும் எட்டிப் பார்க்காத மனிதருக்கு இதுதான் கடைசி பஸ். ஆசிரியர் போனில், "உங்க கையெழுத்துக்கே நான் ரசிகன் சார்" என்று வேறு சொல்லிவிட்டார். சௌரிராஜன் மறுக்கவில்லை. இருக்கிற ஒரு ரசிகரை இழப்பானேன்?

ஆகவே அவர் கைப்பட எழுதும் கடிதத்தை, அவர் சொல்லச் சொல்லக் குமுதவல்லி எழுதினாள். இளமையில் வறுமை வந்தது. அவர் அப்பா பெரிய வக்கீல் என்பதால் அதை அவள் ஒரே வரியில் முடித்தாள். பதிப்பாளர்களின் துரோகம் வந்தது. கடைசியில் சௌரிராஜன் கண்களை மூடிக்கொண்டார்.

"யார் துணையும் இல்லாமல், தனி ஆளாகவே இத்தனையும் எழுதினேன்."

பேனா நின்றது. அவள் கோபப்படவில்லை. மூடியைப் போட்டுப் பேனாவை அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த ஒரு வரிய மட்டும் நீங்களே எழுதிடுங்கோ."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நல்ல வரி, விட மனசில்லை. பேனாவை எடுத்து எழுதினார். ஏதாவது சொல் விட்டுப்போயிற்றா என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார்.