மலாய் நாட்டு மனுவின் மூன்றாவது பாரா

நல்லம்மாளின் மனுவில் பொய் எழுதியவன் நான்தான்.

அவள் சொல்லவில்லை. அவள் பக்கத்து ஆள் எவரும் சொல்லவில்லை. அவள் சொன்னதை அடித்து, சொல்லாததைச் சேர்த்து, கீழே அவளுடைய பெருவிரல் ரேகையை வாங்கிக் கடல் தாண்டி அனுப்பியவன் நான். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு இரண்டு சர்க்கார்கள் அவள் புருஷனைக் கைவிட்டன.

எட்டு வருஷமாயிற்று. ஒருவரிடமும் சொல்லவில்லை... உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அந்தத் தைரியம்தான்!

எங்கள் தாலுகாக் கச்சேரித் தாழ்வாரத்தில் மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன். அதற்குப் பிறகு எனக்கு வாத்தியார் பழைய பத்திரிகைகளும், அட்டை கிழிந்த ஓர் ஆங்கில அகராதியும், மனு எழுத வருகிற ஜனங்களும்தான். ஜனங்களின் பேச்சு இருக்கிறதே, அதற்கு நான் அடிமை. யாராவது அருமையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மனுவை நிறுத்திவிட்டுத் தனி நோட்டில் குறித்துக்கொள்வேன். ‘மழை எங்க ஊருக்கு வார வழியை மறந்துபோச்சுங்க’ என்று மேச்சேரிப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவர் சொன்னது இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது.

உலகத்துச் சேதியிலும் எனக்கு அதே பைத்தியம். அபிசீனியாவில் குண்டு விழுந்தால் சங்ககிரிக்காரனுக்கு என்ன என்று கேட்பார்கள். எனக்கோ தெரிந்தாகவேண்டும்! ஒரு ராஜ்யம் இன்னொரு ராஜ்யத்தை மிதிக்கிறபோது, பக்கத்தில் நிற்கிற ராஜ்யங்கள் என்ன சொல்கின்றன? பத்திரிகையில் தேடுவேன். பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் அகப்படும்: ‘நிலைமையைக் கவலையுடன் கவனித்து வருகிறோம்.’ அபிசீனியாவுக்கும் அதுதான், சீனாவுக்கும் அதுதான். கவலையுடன் கவனிப்பது என்றால் எப்படி? உட்கார்ந்துகொண்டா, நின்றுகொண்டா? கச்சேரித் தலைமைக் குமாஸ்தாவிடமே ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“சும்மா இருக்கிறதுக்குச் சர்க்கார் பாஷையிலே அப்படிப் பேருய்யா. போய் வேலையைப் பாரு” என்றார்.

சிரித்தேன். அந்த வாக்கியம் ஒரு நாள் என் வாய்க்கே வந்து சேரும் என்று அப்போது நினைத்தேனா?

மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர்களை நடத்துகிற விதம் சரியில்லை என்று நம் சர்க்கார், இனி அங்கே கூலி ஆட்களை அனுப்புவதில்லை எனத் தடை போட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கவனித்துக்கொண்டே இருந்த சர்க்கார் ஒரு காரியம் செய்துவிட்டதே! அந்தச் சேதியைக் கச்சேரி வாசலில் நின்று உரக்கப் படித்தேன். கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு பெண்பிள்ளை கேட்டாள்:

“ஏனுங்க சாமி, இனிமே போறவங்களை நிறுத்திப்போட்டாங்க. முன்னயே போனவங்களுக்கு என்னங்க பண்ணுனாங்க?”

பத்திரிகையை மறுபடி புரட்டினேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கேள்வியை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அவள்தான் நல்லம்மாள். மல்லசமுத்திரத்துக்கு அப்பால் ஒரு காட்டு வளவில் குடியிருந்து பண்ணையத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவள். அவள் புருஷன் செங்கோடன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, தடைக்கு ரொம்ப முன்னாலேயே மலாய்க்குப் போனவன்.

சில மாதம் கழித்து அவள் மாரப்பன் என்பவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். மாரப்பன், செங்கோடன் இருந்த அதே தோட்டத்திலிருந்து அப்போதுதான் திரும்பியவன். இருவரும் என் முன்னால் உட்கார்ந்து சொன்னார்கள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். துரை எதிரே வந்தால் கூலிக்காரன் சைக்கிளிலிருந்து இறங்கி, தள்ளிக்கொண்டு, ஓரமாக நிற்கவேண்டும். ஒரு நாள் செங்கோடன் இறங்கவில்லை.

“இறங்க மறந்துட்டானா, இறங்க மாட்டேன்னுட்டானா?” என்று கேட்டேன். எனக்கு அது தெரியவேண்டியிருந்தது.

“நான் பின்னால நடந்து வந்தேனுங்க. மொகம் தெரியலைங்க” என்றான் மாரப்பன்.

“அவரு எதையும் மறக்கமாட்டாருங்க” என்றாள் நல்லம்மாள். அவள் குரலில் வருத்தமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

துரையின் ஆட்கள் தடியால் அடித்தார்கள். வலது கை ஒடிந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எப்படி ஒடிந்தது என்று கம்பவுண்டர் கேட்டு, மாரப்பன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய புஸ்தகத்தில் எழுதிக்கொண்டார். எட்டாம் நாள், கலகம் செய்தான் என்று கட்டோடு கொண்டுபோய் லாக்கப்பில் வைத்துவிட்டார்கள். மலாய் நாட்டில் நம் சர்க்கார் வைத்திருந்த ஏஜெண்டு ஒரு வார்த்தை கேட்டால் விடுவித்துக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று அங்கே பேச்சு. ஏஜெண்டு கேட்கவேண்டுமானால் டில்லி கேட்கவேண்டும். டில்லி கேட்கவேண்டுமானால்... மனு வேண்டும்.

“ஆஸ்பத்திரிக்காரரு நல்ல மனுசனாமுங்க. கட்டுப் போடறப்ப ‘வலிக்குதா தம்பி’ன்னு தமிழ்ல கேட்டாராமுங்க. அதைக் கேட்டதும் எனக்குச் சித்த மனசு ஆறுச்சுங்க” என்றாள் நல்லம்மாள்.

இதை நான் எழுதவில்லை!

ஏன் என்று கேட்கிறீர்களா? எங்கள் தொழிலின் வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். கிணற்றில் தண்ணீர் ஒரு முழம் இறங்கினால் ‘அடிப்பாறை தெரிய வறண்டது’ என்று எழுதுவோம். ஒரு வேலிக்கால் சாய்ந்தால் ‘வேலி முழுவதும் நாசம்’ என்று எழுதுவோம். மனுவைப் படிக்கிற ரெவின்யூ அதிகாரிக்கும் இது தெரியும். அவர் எல்லாவற்றையும் பாதியாக்கித்தான் படிப்பார். பாதியாக்கினால் ஏறக்குறைய நிஜத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தால் அதையும் பாதியாக்கிவிடுவாரே! அதனால் யாரும் யாரையும் ஏமாற்றியதாக நாங்கள் நினைத்ததில்லை. தலைமைக் குமாஸ்தாகூட, “என்னய்யா, உன் மனுக்களைப் படிச்சா இந்தத் தாலுகாவிலே உயிரோட மிச்சம் இருக்கிறவன் நான் ஒருத்தன்தான் போலிருக்கே!” என்று கேலி செய்துவிட்டுத்தான் முத்திரை குத்துவார்.

அந்தக் கையோடுதான் மூன்றாவது பாராவை எழுதினேன்.

‘மேற்படி தோட்டத்தில் ஆஸ்பத்திரி என்பதே கிடையாது. ஒடிந்த கைக்கு ஒரு முழத் துணி கட்டவும் நாதியின்றி, என் புருஷன் கானகத்து மிருகம்போல் மண்ணில் கிடந்து துடித்தான்.’

எழுதி முடித்து உரக்கப் படித்தேன். தாழ்வாரத்தில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நல்லம்மாள் மட்டும் மெல்லச் சொன்னாள்:

“சாமி... ஆஸ்பத்திரி இருக்குதுங்களே?”

“அம்மணி, உனக்குத் தெரியாது. கட்டுப் போட்டாங்கன்னு எழுதினா, அப்புறம் என்ன குறைன்னு கேப்பாங்க. சர்க்காருக்கு இப்படித்தான் எழுதணும்.”

“அப்படீங்களா” என்றாள். விரலை மையில் வைத்தாள்.

மனு போயிற்று. அது போன வழியை நான் எத்தனை முறை மனத்தில் நடந்து பார்த்திருப்பேன்! கலெக்டர் துரையின் மேசை, பிறகு சென்னை, பிறகு டில்லி. அங்கே எந்த அறையில் படித்தார்கள்? படித்தவருக்குத் தொண்டை அடைத்ததா, கொட்டாவி வந்ததா? ஒரு சர்க்கார் இன்னொரு சர்க்காரிடம் எந்தக் குரலில் பேசும்? அதட்டலா, தயவா? இங்கேயும் ஒரே ராஜா, அங்கேயும் அவர் கொடிதான். அப்படியானால் ஒரே உடம்பின் ஒரு கை மறு கைக்குக் காகிதம் எழுதிக் கேட்குமா? கேட்டால் அந்தக் கை வெட்கப்படுமா?

வெட்கப்படவில்லை.

ஒரு வருஷம் ஆவதற்குள் நீளமான உறை ஒன்று வந்தது. மனுதாரருக்கு எழுத்துத் தெரியாததால் என் விலாசத்துக்கு. நட்ட நடுப்பகலில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தடவிப் படித்தேன். பணிவான, அழகான இங்கிலீஷ். சாரம் இதுதான்: நம் சர்க்கார் விசாரித்தது. அந்நாட்டு அதிகாரிகள் தோட்டத்தை நேரில் பார்த்தார்கள். மூன்றாவது பாராவுக்கு மாறாக அங்கே நல்ல நிலையில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. இவ்வளவு வெளிப்படையான பொய்யைச் சொல்லும் மனுவில் மற்றச் சங்கதிகளும் நம்பத்தக்கவை அல்ல. அந்த ஆள் சைக்கிளிலிருந்து தானே விழுந்ததாகத் தெரிகிறது. ஆகையால் மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை.

என் பேனாவைப் பாதியாக்கிப் படிக்க அங்கே யாரும் இல்லை. மொத்தமாக அடித்துவிட்டார்கள்!

அகராதியை மூடும்போதுதான் அது என் மண்டையில் உறைத்தது. கம்பவுண்டர் எழுதிய அந்தப் பெரிய புஸ்தகம்... கை எப்படி ஒடிந்தது என்று கேட்டு எழுதியது. தடியடிக்கு அந்தத் தோட்டத்தில் இருந்த ஒரே எழுத்துச் சாட்சி. ‘ஆஸ்பத்திரிப் புஸ்தகத்தைத் திறந்து பாருங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால்? தானே விழுந்தான் என்று அவர்கள் சொல்லியிருக்க முடியுமா? அந்தச் சாட்சி இருந்த வீட்டையே இல்லை என்று எழுதியவன் நான்!

உண்மையை எழுதியிருந்தால் மட்டும் விட்டிருப்பார்களா? நீங்கள் இப்படிக் கேட்டு எனக்கு ஆறுதல் சொல்லப் பார்க்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். தெரியாது. புஸ்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டும் வேறு ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சாக்கை அவர்களே தேடவேண்டி இருந்திருக்கும். நான் தேடிக் கொடுத்துவிட்டேன்.

இதுவரை சொன்னது தவறு. இனிச் சொல்வதுதான் குற்றம்.

அன்றைக்கே இரண்டாவது மனு ஒன்று எழுதினேன். ‘மூன்றாவது பாராவிலுள்ள பொய் மனுதாரருடையதல்ல, எழுதியவனுடையது. ஆஸ்பத்திரிப் புஸ்தகத்தைப் பார்க்கக் கோருகிறேன்.’ இரண்டே வரி. என் வாழ்நாளில் கூட்டாமல் குறைக்காமல் எழுதிய மனு அது ஒன்றுதான். ஆனால் பொய் மனு எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டால் மறுநாள் தாழ்வாரத்தில் எனக்கு இடமில்லை. எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தவரை அந்தக் காரணத்துக்காகத்தான் எழுப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் அனுப்பலாம் என்று வைத்தேன். மழை முடியட்டும் என்று வைத்தேன்...

சந்தை நாளில் நல்லம்மாள் வந்தாள். “பதில் வந்துச்சுங்களா சாமி?”

உறை என் பெட்டிக்குள் இருந்தது. நான் சொன்னேன்:

“சர்க்கார் கவனிச்சுக்கிட்டே இருக்குது, அம்மணி.”

“புண்ணியமுங்க” என்றாள்.

எத்தனை சந்தை நாள் அதே கேள்வி, அதே பதில்! பிறகு ஜப்பான்காரன் மலாய்க்குள் புகுந்தான். தபால் நின்றது. அவள் கேட்பதும் நின்றது. சண்டை முடிந்து திரும்பியவர்களைத் தேடித் தேடிப் போய் விசாரித்தேன். சயாமில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட ஆயிரமாயிரம் பேரைப் பிடித்துப் போனார்கள் என்றார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை என்றார்கள். கை கோணலாய் ஒட்டிய ஒருவனைப் பார்த்தீர்களா? பார்த்தவர் இல்லை.

போன வாரம் நல்லம்மாள் மறுபடி மனு எழுத வந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. மடியிலிருந்து நிலக்கடலையை எடுத்து என் பெட்டிமேல் வைத்தாள். வருஷா வருஷம் முதல் காய் எனக்குத்தான். நான் அவளுக்காகப் பாடுபட்டவனாம்!

“இப்ப நம்ம சர்க்காராமுங்களே. நாம கேட்டா அந்த நாட்டுக்காரங்க பதில் சொல்லித்தான் ஆகணுமுன்னு வளவுல பேசிக்கிறாங்க. இன்னொருக்கா எழுதுங்க சாமி. உசுரோட இருக்காரா, இல்லையா... அதையாச்சும் கேட்டுச் சொல்லட்டும்.”

காகிதத்தை எடுத்தேன். இந்த முறை அவள் வாய்ச்சொல்லைத் தவிர ஒன்றும் எழுதுவதில்லை என்று மனத்துக்குள் சத்தியம் செய்துகொண்டேன்.

“நீயே சொல்லு அம்மணி. உள்ளதை உள்ளபடி சொல்லு.”

பெயர் சொன்னாள். ஊர் சொன்னாள். சைக்கிள் சொன்னாள். தடி சொன்னாள். ஒவ்வொன்றையும் அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். பிறகு அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒரு ஆஸ்பத்திரிகூட இல்லாத காடுங்க அது. ஒரு மொளத் துணி கட்ட ஆளில்லாம மண்ணுல கெடந்து துடிச்சாருங்க...”

என் பேனா நின்றது.

“மாரப்பன் சொன்னானே, கட்டுப் போட்டவர் ‘வலிக்குதா தம்பி’ன்னு...” என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “யாருங்க சாமி? அப்படி யாரும் கேக்கலைங்க. நீங்கதானுங்களே படிச்சுக் காட்டுனீங்க? எட்டு வருசமா அதை நெனைக்காம நான் கண்ணு மூடுனதில்லைங்க.”

அவளிடமிருந்து அந்தக் கம்பவுண்டரையும் நான் எடுத்துக்கொண்டேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு பாரா எழுதிய அந்தக் காகிதம் என் முன்னால் இருக்கிறது. மூன்றாவதின் இடம் காலி. அவள் சொன்னதைத் தவிர ஒன்றும் எழுதுவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். அவள் சொன்னதோ என் பொய்.

நாளைக்குச் சந்தை. அவள் விரல் வைக்க வருவாள்.