அனுமதி கேட்காமல் நிறுத்திய எஞ்சின்

உக்குவளை ஸக்கரியா கடலை முதன்முதலாகப் பார்த்தது 1987 ஜனவரி 19ஆம் திகதி, திங்கட்கிழமை, திருகோணமலையில். அன்று அவனுக்கு வயது பத்தொன்பது. அதற்கு முன் அவன் பார்த்த தண்ணீரில் பெரியது ஊரோரம் ஓடும் சுதுகங்கை ஆறு. கடற்படையில் சேர்ந்த பிறகுதான் கடலையே பார்க்கிறோம் என்பதைப் பற்றி அவன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "பெரிதாக இருக்கிறது" என்று வீட்டுக்கு எழுதினான். பயிற்சிப் படகில் பதினொரு நாள் தொடர்ந்து வாந்தி எடுத்ததை அடுத்த கடிதத்தில் எழுதினான். பன்னிரண்டாம் நாள் அவனை எஞ்சின் அறைக்குள் இறக்கிவிட்டார்களாம். டீசல் மணம் மூக்கில் பட்டதும் வாந்தி நின்றுவிட்டதாம்.

அந்த மணம் அவனுக்குப் பதினாறு வயதிலிருந்து பழக்கம். உக்குவளைச் சந்தியில் நுஹ்மான் ஹாஜியாரின் மில்லில் அரிசி, மிளகாய், மல்லி அரைப்பார்கள். எல்லாவற்றையும் ஓட்டியது ஒரே ஒரு பழைய டீசல் எஞ்சின். அதைப் பார்த்துக்கொள்வது ஸக்கரியாவின் வேலை. அவன் அதைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். நீண்ட ஸ்குரூ டிரைவர் ஒன்றின் முனையை எஞ்சின் உடம்பில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். உள்ளே எது தேய்கிறது, எது சுடுகிறது என்பது அவனுக்கு அப்படித் தெரியும். சத்தம் மாறினால் உடனே நிறுத்திவிடுவான். யாரிடமும் கேட்கமாட்டான். மெஷின் உடைந்தால் மில்லே மூடவேண்டி வரும் என்பது அவன் கணக்கு.

ஹாஜியாரின் கணக்கு வேறு. 1986இல் நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள், ஊறவைத்த அரிசிப் பேசினோடு நாற்பத்தொரு பெண்கள் வரிசையில் நின்றபோது எஞ்சின் நின்றது.

"ஏன்டா நிப்பாட்டின?"

"பெயாரிங் போகுது ஹாஜியார்."

"போகட்டும். பெருநாள் முடிஞ்சு போகட்டும்."

"அது பெருநாள் பாக்காது ஹாஜியார்."

வரிசையிலிருந்து நூருன்னிஸா என்றொரு பெண், "ஏன் ஹாஜியார், உங்க மில்லுக்கும் நோன்பா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. அரிசி புளித்துப்போயிற்று. பெருநாள் முடிந்த மறுநாள் ஸக்கரியாவை வேலையிலிருந்து நிறுத்தினார். ஏழு மாதம் கழித்து அவன் கடற்படையில் இருந்தான்.

அதன்பின் ஒன்பது வருடம் அவன் கடலில் சண்டை செய்தான். அந்த ஒன்பது வருடத்தில் எதிரியின் படகு ஒன்றைக்கூட அவன் கண்ணால் பார்த்ததில்லை. டோரா வகை வேகப்படகில் எஞ்சின் அறை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தது. சன்னல் இல்லை. மேலே பீரங்கி சுட்டால் தலைக்கு மேலுள்ள தகடு அதிரும். பக்கத்தில் குண்டு விழுந்தால் வெறும் தார்ப் பீப்பாயை யாரோ உலக்கையால் அடித்தது போல் இருக்கும். படகு திடீரென்று சாய்ந்து திரும்பினால் மேலே யாரோ எதையோ கண்டுவிட்டார்கள் என்று அர்த்தம். சண்டை முடிந்ததா என்பதை, மேலேயிருந்து தேத்தண்ணீர் வருவதை வைத்துத் தெரிந்துகொள்வான். பீரங்கிக்காரன் குணதிலக்கதான் கொண்டுவருவான். ஆறு வருடமாக இருவரும் ஒரே பீங்கானில் சாப்பிட்டவர்கள்.

1996 மே 14ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, வடகிழக்குக் கடலில் நான்கு படகுகள் வரிசையாகப் போயின. ஸக்கரியாவின் படகு இரண்டாவது. ஏழரை மணிக்குக் கடற்புலிகளின் படகுகள் வந்தன. இரண்டு எஞ்சினும் முழு வேகத்தில் ஓடின. ஸக்கரியா வழக்கம்போல ஸ்குரூ டிரைவரை இடப்பக்க எஞ்சினில் ஊன்றிக் கேட்டான். ஒயில் மீற்றர் சரியாகத்தான் காட்டியது. சத்தம் சரியில்லை.

ஏழு நாற்பத்திரண்டுக்கு அவன் இடப்பக்க எஞ்சினை நிறுத்தினான்.

கப்டன் விமலசூரியவிடம் கேட்கவில்லை. நிறுத்திய பிறகுதான் தொலைபேசியை எடுத்து, நிறுத்திவிட்டதாகச் சொன்னான். கப்டன் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை. படகு வேகம் குறைந்து வரிசையிலிருந்து பின்வாங்கியது. முன்னால் போன படகு சற்று நேரம் தனித்துப்போயிற்று. அந்த நேரத்தில் அதில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவன் குணதிலக்கவின் ஊர்க்காரன். அவனும் குணதிலக்கவும் ஒன்றாகக் கடற்படையில் சேர்ந்தவர்கள்.

நான்கு படகுகளும் பத்தேகாலுக்குத் திருகோணமலைக்குத் திரும்பின. அன்று எஞ்சின் அறைக்குத் தேத்தண்ணீர் வரவில்லை.

இறங்குதுறையில் குணதிலக்க அவனுக்காகக் காத்து நின்றான். சிங்களத்தில்தான் பேசினான்.

"அங்க இருந்தது உன் ஆக்கள்தானே. அதுதானே நிப்பாட்டின?"

"என் ஆக்கள் உக்குவளையில இருக்காங்க" என்றான் ஸக்கரியா.

படகில் தமிழ் பேசுகிறவன் அவன் ஒருவன்தான். அது ஒன்பது வருடமாக எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அன்று மத்தியானம்தான் அது ஒரு விஷயமாயிற்று. அவனைக் காவல் அறையில் வைத்தார்கள். சண்டையின் நடுவே கட்டளையில்லாமல் எஞ்சினை நிறுத்தியது ஒரு குற்றம். அதற்குத் தண்டனை உண்டு. அது அவனுக்கும் தெரியும், அதை அவன் மறுக்கவுமில்லை. எதிரிக்கு உதவ வேண்டுமென்றே நிறுத்தியிருந்தால், அது வேறு குற்றம். அது நிரூபணமானால் சிறை. வெளியே வந்தாலும் உக்குவளையில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

விசாரணை மே 20ஆம் திகதி தொடங்கியது. மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள்.

"மீற்றர் சரியாக இருந்தது. அப்படியானால் பழுது என்று எப்படித் தெரிந்தது?"

"கேட்டேன் சேர்."

"யாரிடம்?"

"எஞ்சினிடம் சேர்."

எழுதுகிறவர் பேனாவை நிறுத்தி மேலே பார்த்தார். எழுதும்படி தலைவர் கைகாட்டினார்.

"ஒன்பது வருடத்தில் இதற்கு முன் இப்படி நிறுத்தியிருக்கிறாயா?"

"இல்லை சேர். இந்த எஞ்சின்கள் நல்ல எஞ்சின்கள்."

அந்தப் பதில் அவனுக்கு உதவவில்லை. ஒன்பது வருடம் நிறுத்தாதவன், அந்த ஒரு காலையில் மட்டும் நிறுத்தினான் என்று ஓர் அதிகாரி குறித்துக்கொண்டார். எஞ்சினை மறுநாள்தான் திறக்க முடியும் என்று வேர்க்ஷொப் சொல்லியிருந்தது. திறந்து பழுது இருந்தாலும், அது அவனே செய்த பழுதாக இருக்கலாம் என்றார் அதே அதிகாரி.

பதினொன்றரை மணிக்குக் காவலாளி ஒரு கடித உறையைக் கொண்டுவந்தான். வாசலில் இந்த மாலுமியின் மூத்த சகோதரி நிற்கிறார், இதைக் கொடுக்கச் சொன்னார் என்றான்.

ஸக்கரியாவின் ராத்தா றாபியா அவனைவிட ஆறு வயது மூத்தவள். முகாமின் சமையல்காரர் ஒருவர் மாத்தளைப் பக்கத்து நாலந்தாவைச் சேர்ந்தவர். லீவில் போனவர் உக்குவளைக்கும் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்ட இடங்களில் நற்சான்றுக் கடிதம் கேட்பார்கள் என்று றாபியாவுக்குத் தெரியும். தம்பி வேறெங்கும் வேலை செய்ததில்லை. ஆகவே அவனை வேலையிலிருந்து நிறுத்திய ஹாஜியாரிடமே போய் வாங்கியிருக்கிறாள். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை என்று மூன்று பஸ் மாறி, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பையைத் திறந்து காட்டி வந்திருக்கிறாள்.

கடிதம் தமிழில் இருந்தது. தமிழ் வாசிக்கிற எழுதுவினைஞர் லீவில் இருந்தார்.

"அவர் நாளை வந்ததும் சரிபார்ப்போம்" என்றார் தலைவர். "இப்போது நீயே வாசித்துச் சிங்களத்தில் சொல்."

ஸக்கரியா முதலில் மனதுக்குள் வாசித்தான். அது ஹாஜியாரின் கையெழுத்துத்தான். பத்து வருடமாகியும் அவருடைய கோபம் ஆறவில்லை என்று தெரிந்தது. நாளை வரை இதைக் கொஞ்சம் இனிப்பாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் அவனுக்கு வந்தது. வந்ததை அவனே பின்னால் ஒத்துக்கொண்டிருக்கிறான். பிறகு எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே சொன்னான்.

"ஸக்கரியா என்பவன் எனது மில்லில் மூன்று வருடம் வேலை செய்தான். களவு இல்லை. பொய் இல்லை. தொழுகை உண்டு. ஆனால் முதலாளியிடம் கேட்காமல் மெஷினை நிறுத்தும் கெட்ட குணம் உண்டு. 1984.11.02 வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நிறுத்தினான். 1985.04.11 சிங்களப் புத்தாண்டுக்குப் பலகார மா அரைக்கும்போது நிறுத்தினான். 1986.06.08 பெருநாளுக்கு முதல் நாள் நாற்பத்தொரு பேர் நிற்கும்போது நிறுத்தினான். திறந்து பார்த்ததில் இரண்டு தடவை பெயாரிங் போயிருந்தது. ஒரு தடவை புஷ் தேய்ந்திருந்தது. அது உண்மை. ஆனாலும் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். சொல்லித் திருத்த என்னால் முடியவில்லை. நேவியால் முடிந்தால் நல்லது."

ஸக்கரியா கடிதத்தை மடித்து மேசையில் வைத்தான். கடற்படை வேலை இதோடு போயிற்று என்று நினைத்தான்.

தலைவர் கடிதத்தை எடுத்து, வாசிக்கத் தெரியாத எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திகதிகள் மட்டும் அவருக்குப் புரிந்தன.

"இந்த மனிதருக்கு உன்மேல் இன்னும் கோபமா?"

"ஓம் சேர்."

"அந்த நாற்பத்தொரு பேர் யார்?"

"மா அரைக்க வந்த பெண்கள் சேர்."

"அவர்கள் முன்னாலேயே நிறுத்தினாயா?"

"ஓம் சேர்."

ஓர் அதிகாரி இருமினார். இருமலா வேறெதுவுமா என்று ஸக்கரியாவுக்குத் தெரியவில்லை.

அன்று பின்னேரம் ராத்தாவைப் பத்து நிமிடம் பார்க்கவிட்டார்கள்.

"ராத்தா, இதத்தானா கொண்டுவந்தீங்க?"

"நல்லதா நாலு வார்த்தை எழுதுங்கன்னு எவ்வளவோ கெஞ்சினேன்டா. பொய் எழுத நான் பெட்டிஷன்காரன் இல்லைன்னுட்டார்."

"வழியில கிழிச்சிப் போட்டிருக்கலாமே."

"கிழிச்சிட்டு வெறுங்கையோட வாறதா? உன்னத் தெரிஞ்ச மனுஷன் வேற யாரு இருக்காங்க, சொல்லு." பையிலிருந்து மாசிச் சம்பல் போத்தலை எடுத்து வைத்தாள். "சாப்பிட்டியா?"

மறுநாள் வேர்க்ஷொப்பில் இடப்பக்க எஞ்சினைத் திறந்தார்கள். மூன்றாம் பெயாரிங் பாதி உருகியிருந்தது. யாரும் கை வைத்ததல்ல, தானாகத் தேய்ந்தது என்று பொறியியல் அதிகாரி எழுதிக்கொடுத்தார். இன்னும் எட்டு நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடம் ஓடியிருக்கும், பிறகு எஞ்சின் இறுகி உடைந்திருக்கும் என்றும் எழுதினார். லீவிலிருந்து வந்த எழுதுவினைஞர் கடிதத்தை வாசித்து, மாலுமி சொன்ன மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லும் கூடவோ குறையவோ இல்லை என்று கையெழுத்திட்டார்.

24ஆம் திகதி வெள்ளிக்கிழமை தீர்ப்பு. எதிரிக்கு உதவவென்று செய்யவில்லை, இது இவனுக்கு நெடுநாளாக உள்ள பழக்கம் என்று எழுதியிருந்தார்கள். கட்டளையில்லாமல் நிறுத்தியதற்கு சட்டைக் கையிலிருந்த நன்னடத்தைப் பட்டி ஒன்று பறிப்பு, இரண்டு மாதம் லீவு இல்லை. அதே படகில் அதே வேலை. கப்டன் விமலசூரிய அவனைக் கூப்பிட்டு, "அடுத்த முறை முதலில் என்னிடம் கேள்" என்றார். "கேட்கிறேன் சேர்" என்றான். 2009இல் ஓய்வு பெறும்வரை, நான்கு கப்டன்மாரிடம் அவன் மொத்தம் ஐந்து தடவை கேட்டான். மூன்று தடவை சரி என்றார்கள். இரண்டு தடவை இல்லை என்றார்கள். அந்த இரண்டு தடவையும் எஞ்சின் உடைந்தது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவன் இறங்குதுறைக்குப் போனபோது, குணதிலக்க பீரங்கிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். தீர்ப்பு அவனுக்கும் தெரிந்திருந்தது. ஸக்கரியா படகில் ஏறினான். குணதிலக்க துணியைக் கீழே வைத்தான்.

"எட்டு நிமிடம் ஓடியிருக்குமாம்."

"ஓம்."

"அந்த எட்டு நிமிடம் போதுமாயிருந்திருக்குமா? அவங்க ரெண்டு பேருக்கும்?"

விசாரணையில் யாரும் கேட்காத கேள்வி அது. காவல் அறையில் பத்து நாளும் ஸக்கரியா தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்வியும் அதுதான். எஞ்சின் உடைந்திருந்தால் தங்கள் படகும் போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யல்ல.

"தெரியாது" என்றான் ஸக்கரியா. "நான் கீழே இருந்தேன். எனக்கு எஞ்சின் மட்டும்தான் கேட்டது."

குணதிலக்க துணியை எடுத்து மீண்டும் எண்ணெய் பூசத் தொடங்கினான். ஸக்கரியா கீழே இறங்கி, புதிய பெயாரிங் பூட்டிய எஞ்சினில் ஸ்குரூ டிரைவரை ஊன்றி நின்றான்.

குணதிலக்க மறுபடி அவனோடு சாப்பிட உட்கார்ந்தது ஆகஸ்ட் மாதம் 3ஆம் திகதி.