ஃப்ரிட்ஜை நிறுத்திய சித்தி

என் சித்தியின் தொண்டை பதினாறு வருஷம் வகுப்புக்கு அறுபது பிள்ளைகளோடு மல்லுக்கட்டி, கடைசியில் தோற்றது. ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர் அவர். டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே கத்தினீங்கன்னா குரலே இருக்காது" என்று சொல்லிவிட்டார்.

பெரிய டீச்சர் ஒரு மாதம் தவணை கொடுத்தார். "கத்தாம ஒரு பாடம் நடத்திக் காட்டுங்க. பசங்க உக்காந்து கேட்டா வகுப்பு உங்களுது. இல்லன்னா புத்தக ஸ்டோரப் பாத்துக்குங்க."

ஸ்டோரில் இருக்கும் புத்தகங்கள் கேள்வி கேட்காது. சித்திக்கு அதுதான் பயம்.

அதனால்தான் வீடியோ பாடம் தயாரிக்கும் பத்து நாள் பயிற்சிக்குப் போனார். முதல் நாள் திரும்பி வந்தபோது செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வாலு, இங்க வாடி! மைக்கு வாய்லேர்ந்து ஒரு சாண் தள்ளி இருந்தா போதும். கிசுகிசுன்னு பேசினாலும் கடைசி பெஞ்சுக்குக் கேக்கும்டி!"

வாலு நான்தான். பள்ளிக்கூடமும் நானும் ஒன்பதாம் வகுப்போடு மரியாதையாகப் பிரிந்துவிட்டோம். அது என்னைத் தேடவில்லை, நானும் அதைத் தேடவில்லை. எனக்கு ஏன் அந்தப் பெயர் என்பதை, கதவு மணியில் நான் பசை தடவிய மேல்வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு அறை வீடு ஸ்டூடியோ ஆனது. கேமரா, சித்தியின் செல்போன். அதைத் தாங்கும் ஸ்டாண்டு, நான். எனக்குச் சிரிப்பு வந்தால் படத்தில் நிலநடுக்கம் வரும். சுவர்கள் குரலைத் திருப்பி அடிக்கின்றன என்று சித்தி துணி அலமாரிக்குள் தலையை விட்டுப் பேசிப் பார்த்தார்.

"அதுக்குள்ள என்னடி தேடுற?" என்றார் அம்மா. அவர் சித்தியின் அக்கா.

"எதிரொலி இல்லாத இடம்க்கா."

"கிடைச்சா எனக்கும் ஒண்ணு எடுத்து வை. உன் பேச்ச ஒரு தடவ கேக்கறதே அதிகம்."

சித்தி கோபப்படவில்லை. அந்த நாட்களில் அவருக்குக் கோபப்பட நேரமே இல்லை. வெட்டுவது, ஒட்டுவது, எழுத்தை மிதக்க விடுவது என்று தினமும் ஒரு வித்தையோடு வந்தார். ஒரு நாள் வந்தது 'ரூம் டோன்'. பேச்சு முடிந்ததும் ஒரு நிமிஷம் யாரும் அசையாமல் இருக்க வேண்டும். அறையின் சும்மாச் சத்தம் பதிவாக வேண்டும்.

"சும்மா இருக்கறதுக்குப் பயிற்சியா? என்கிட்ட வந்திருக்கலாமே சித்தி."

"வெட்டி ஒட்டின எடத்துல சத்தம் திடீர்னு செத்துப் போகும்டி. அந்த ஓட்டைய அடைக்க இதுதான் சிமெண்டு. வாய மூடு."

மூடினேன். பிறந்ததிலிருந்து நான் சும்மா இருந்த முதல் நிமிஷம் அது. சித்தியின் மூச்சு கேட்டது. ஒவ்வொரு மூச்சின் நுனியிலும் தொண்டைக்குள் ஏதோ கீச்சென்றது. இத்தனை வருஷம் கத்தியதன் மிச்சம். எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. தூசி என்று சொல்லிவிட்டேன்.

பதிவைப் போட்டுக் கேட்டால், பின்னால் "ம்ம்ம்" என்று ஒரு முனகல். ஃப்ரிட்ஜ்! சித்தி பிளக்கைப் பிடுங்கி, மறுபடி பதிவு செய்தார். திரும்ப மாட்ட மறக்காமலிருக்கப் பயிற்சியில் ஒரு தந்திரம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். சாவி எடுக்கப் போகும்போது ஞாபகம் வந்துவிடும். சித்தி வைத்தார். மறுநாள் காலை சாவி தொலைந்துவிட்டதென்று வீடெல்லாம் தேடிவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தார். நாற்றம் முதலில் வந்தது, பிறகு சாவி கிடைத்தது. சித்தி அப்போதுதான் உள்ளே நுழைந்தார். நான் ஸ்டாண்டு வேலையில் இருந்தவள்; கேட்காமலே செல்போனைத் தூக்கிப் பதிவை அழுத்தினேன்.

"பாலக் குளிர வைக்கச் சொன்னா சாவியக் குளிர வச்சிருக்கா! நீயெல்லாம் பாடம் எடுக்கற!"

சித்தி திரிந்துபோன பால் பாத்திரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அக்கா, ஒரு நிமிஷம் திட்டாத. இதப் பாரு. கண்ணுக்கே தெரியாத கோடிப் பேரு இதுல குடியிருந்து சாப்பிட்டிருக்காங்க."

"வாடகை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்களே, புளிப்பு! அந்தப் புளிப்புதான் பாலத் திரிய வச்சிருக்கு. குளிர்ல இவங்க சோம்பேறி. நான் பிளக்கப் புடுங்கினதும் சுறுசுறுப்பாயிட்டாங்க."

நான் மூக்கைப் பிடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் சித்தி முறையாகத் தயாரித்த பாடம், "நுண்ணுயிரிகள் என்பவை" என்று தொடங்கியது. அம்மா இரண்டாவது நிமிஷத்தில் தூங்கிவிட்டார். அதை நீல பென் டிரைவில் ஏற்றி மேஜையில் வைத்தார் சித்தி. நான் விளையாட்டுக்குப் பால் சண்டையை வெட்டி, அம்மாவின் கத்தலை நாலு தடவை திரும்ப வரவைத்து, சிவப்பு பென் டிரைவில் ஏற்றி அதன் பக்கத்திலேயே வைத்தேன். வீட்டில் போட்டுச் சிரிக்கலாம் என்றுதான்.

பெரிய டீச்சர் பார்க்க வரும் நாள் காலையில் சித்தி கிளம்பிப் போன பிறகு மேஜையைப் பார்த்தேன். நீலம் அங்கேயே இருந்தது. சிவப்பைக் காணோம்.

சித்தி மாற்றி எடுத்துப் போய்விட்டார்! நீலத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு வழியில் போனது. போகட்டும் என்று விட்டேன். இரண்டு வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்குள் ஓடியது அன்றுதான்.

வகுப்பு ஜன்னலை எட்டும்போது திரையில் அம்மா சாவிக்காகக் கத்த ஆரம்பித்திருந்தார். அடுத்து, "வாடகை குடுத்தாங்களா?" என்று கேட்டார். அறுபது பிள்ளைகளும் விழுந்து சிரித்தார்கள். கதவோரம் பெரிய டீச்சர் நின்றார். சிரிக்கவில்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன். அடுத்து சித்தியின் மெல்லிய குரல் வந்தது. அதைத் தவறவிடக் கூடாதென்று பிள்ளைகள் ஒருவரையொருவர் "உஷ்" என்று அடக்கினார்கள்.

பிறகுதான் உறைத்தது. நான் நாலு தடவை வைத்த கத்தல் ஒரே தடவைதான் வந்தது. நான் வெட்டிய இடங்களில் சத்தம் செத்துப் போகவில்லை. அந்த ஓட்டைகளில் ஒரு மெல்லிய அமைதி ஓடியது. எங்கள் வீட்டு அமைதி. அதற்குள் ஒரு தொண்டைக் கீச்சு, ஓர் அடைத்த மூக்கு.

சித்தி தெரிந்தேதான் எடுத்து வந்திருக்கிறார்! என் குறும்பை உட்கார்ந்து திருத்தி, சிமெண்டு பூசியிருக்கிறார்.

பாடம் முடிந்ததும் கைகள் காடாக எழுந்தன.

"மிஸ், அந்த அம்மா உங்கள அடிச்சாங்களா?"

"மிஸ், அந்தக் கோடிப் பேரும் இப்ப எங்க மிஸ்?"

சித்தி கழுத்தோரம் மாட்டிய மைக்கில் ஒவ்வொன்றுக்கும் மெதுவாகப் பதில் சொன்னார். பெரிய டீச்சர் கைகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டார்.

"ஸ்டோருக்கு வேற ஆளு பாத்துக்கறேன்" என்றார். திரும்பியவர், மூச்சிரைக்க ஒற்றைச் செருப்போடு நின்ற என்னைப் பார்த்தார். "யாரு இது?"

சித்தி மைக்கை அணைக்க மறந்திருந்தார். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"நம்ம ஸ்டாண்டு, மேடம்."