பதினோரு கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல்

செப்டம்பர் 3: 32 லிட்டர், 358 கிலோமீட்டர்.
செப்டம்பர் 14: 31 லிட்டர், 349 கிலோமீட்டர்.
செப்டம்பர் 27: 30 லிட்டர், 11 கிலோமீட்டர்.

பாவ்-ஷியாவின் மீன் வண்டியில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கிய நோட்டின் கடைசி வரிகள் இவை. ஒவ்வொரு முறையும் எத்தனை லிட்டர் போட்டாள், அதில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பதினான்கு வருடமாக எழுதிவந்தாள். முந்நூற்று நாற்பதுக்குக் கீழே வண்டி ஒருமுறைகூட இறங்கியதில்லை.

2003 செப்டம்பர் 25 அன்று தைதோங் கரையோரத்தைப் புயல் கடந்தது. 27, சனிக்கிழமை காலை 6.20க்கு ஷிர்-லாய் துறைமுகத்தின் ஒரே பெட்ரோல் நிலையத்தில் பாவ்-ஷியா முப்பது லிட்டர் போட்டுக்கொண்டு மலைக் கிராமங்களுக்குக் கிளம்பினாள். பதினோராவது கிலோமீட்டரில், ஏற்றத்தின் நடுவில், எஞ்சின் இருமியது, இரண்டு முறை உதறியது, நின்றுவிட்டது. வண்டியை இழுத்துவர ஆள் வருவதற்குள் ஐஸ் உருகிவிட்டது. நாற்பது கிலோ மயில்மீன் நாய்களுக்குப் போயிற்று.

மெக்கானிக் ஆ-துவே கார்புரேட்டரைக் கழற்றி, அதில் இருந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்துக் காட்டினான்.

"அக்கா, இது பெட்ரோல் இல்ல, சூப்பு. மேல எண்ணெய், கீழ தண்ணி. நூடுல்ஸ்தான் போடல."

திங்கட்கிழமை பாட்டிலோடு அவள் நிலையத்துக்கே போனாள். மேலாளர் கெங் பாட்டிலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"பதினாலு வருசத்து வண்டி, அக்கா. அதுக்கே மூச்சு வாங்குது. எங்க மேல பழி போடாதீங்க. இங்கதான் போட்டீங்கன்னா ரசீதக் காட்டுங்க."

ரசீது இல்லை. அந்த நாட்டில் கடை ரசீது ஒவ்வொன்றிலும் அரசாங்கத்தின் ஒரு பரிசு எண் இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குலுக்கல். பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. பாவ்-ஷியா மீன் கையால் தொட்ட காகிதத்தைப் பத்திரப்படுத்துவதில்லை. அநாதைப் பிள்ளைகளின் இல்லத்துக்காக நிலையத்தின் கல்லாமேசையில் வைத்திருந்த பெட்டியில் போட்டுவிடுவாள்.

"உன் மேசையில இருந்த பெட்டியிலதான் போட்டேன்."

"அத நேத்தே எடுத்துட்டுப் போயிட்டாங்க. தானம் குடுத்தத யாராவது திருப்பிக் கேப்பாங்களா?"

"தானத்த ஒருத்தரும் கேக்கல. உன் தொட்டித் தண்ணிதான்னு எழுத்துல குடு. வேற ஒண்ணும் வேணாம்."

"எழுத்துலயா?" என்று கெங் சிரித்தான். "உங்க வண்டிக்கு ஒரு மாலை வேணா வாங்கித் தர்றேன்."

சிரிப்பு அதோடு முடியவில்லை. பாவ்-ஷியாவின் வண்டி வழியில் நிற்கும், ஐஸ் உருகும் என்று கெங் சொன்ன பேச்சு அவளுக்கு முன்பே மலைக் கிராமங்களை எட்டிவிட்டது. டேங்கைக் கழுவிச் சரிசெய்து அவள் போனபோது, பெண்கள் மீனின் செவுளை இரண்டு முறை திறந்து பார்த்தார்கள். பதினான்கு வருடத்தில் அப்படி ஒருவரும் பார்த்ததில்லை.

மறுநாள் பஸ் ஏறித் தைதோங்கில் உள்ள இல்லத்துக்குப் போனாள். அங்கே தொண்டுப் பெண்கள் மேசை முழுக்க ரசீதுகளைக் குவித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அசலத் தர மாட்டோம்மா. பரிசு விழுந்தா அது பிள்ளைங்களோடது. நகல் எடுத்துக்கங்க. அதிகாரி யாராவது கேட்டா அசலக் காட்டுறோம்" என்றாள் மூத்தவள்.

இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் தேடினாள். அந்த நிலையத்தின் 27ஆம் தேதி ரசீதுகள் பத்தொன்பது கிடைத்தன. அவளுடையது மூன்றாவது. ரசீதில் பெயர் இராது. நேரமும் லிட்டரும் மட்டுமே. அது போதும் என்றாள்.

அடுத்த வாரம் மீன் வண்டியின் ஒலிபெருக்கி வேறு பாட்டுப் பாடியது.

"சூரை வந்திருக்கு, மயில்மீன் வந்திருக்கு. இருபத்தேழாம் தேதி காலைல ஏழு நாப்பது, மூணு புள்ளி ஆறு லிட்டர், யாரோடது? எட்டு அஞ்சு, நாலு லிட்டர், யாரோடது?"

"நாலு லிட்டர் என்னோடது, அக்கா. ஸ்கூட்டர மூணு மைல் தள்ளிக்கிட்டு வந்தேன்" என்றான் ஒருவன்.

"தள்ளுனவன் வாயத் தொறந்திருக்கலாம்ல?"

"என் வண்டிதான் மோசம்னு நெனச்சேன்."

எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். ஆறாவது கிராமத்தில், "ஆறு அம்பது, இருபத்தெட்டு லிட்டர்" என்றதும் ஊர்த்தலைவர் தூ செருப்பில்லாமல் ஓடிவந்தார். கெங் அவருடைய மருமகன்.

"ஏம்மா, மைக்க அணைச்சுட்டுக் கேளு. அது என்னோடது. கார் இன்னும் கொட்டகையிலதான் நிக்குது."

"மருமகன்கிட்ட சொன்னீங்களா மாமா?"

"சொன்னேன். காருக்கு வயசாச்சுன்னான்."

"இந்த ரசீது நகல்ல கையெழுத்துப் போடுறீங்களா, இல்ல மைக்கப் போடவா?"

அவர் போட்டார். பத்தொன்பதில் பதினான்கு பேர் போட்டார்கள். நோட்டின் பக்கங்களையும் ரசீது நகல்களையும் சேர்த்து மாவட்டத்தின் நுகர்வோர் அதிகாரிக்கு அனுப்பினாள். அக்டோபர் 30 அன்று நிலையத்தின் முதலாளிகளிடமிருந்து வந்த கடிதம், பழுதுச் செலவைத் தருகிறோம், இதைப் பற்றி இனிப் பேசக்கூடாது என்றது. "பேசுறதுதான் என் பொழப்பு" என்று அதன் பின்புறத்திலேயே எழுதித் திருப்பி அனுப்பினாள். நவம்பரில் அதிகாரி பதினான்கு பேரையும் நிலையத்தாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். இல்லத்து மூத்தவள் அசல் ரசீதுகளைக் கொண்டுவந்து வைத்தாள். கெங் அன்று சிரிக்கவில்லை.

"செப்டம்பர் 27 அன்று எங்கள் நிலத்தடித் தொட்டியில் மழைநீர் கலந்திருந்தது, வாகனங்களின் குறை அல்ல." பிறகு வந்த கடிதத்தில் இருந்த இந்த வரியை, மீன் விலை சொல்வதற்கு முன்னால், ஏழு கிராமத்திலும் ஒலிபெருக்கியில் படித்தாள். கெங்கின் நிலையத்து வாசலில் மட்டும் இரண்டு முறை. பிறகு நோட்டைத் திறந்து, பதினோரு கிலோமீட்டர் என்ற வரிக்கு எதிரே, கடிதம் வந்த தேதியை எழுதினாள்: 2003 டிசம்பர் 11, வியாழக்கிழமை.